மணி அடிக்கும்போது யாருடன்?

மணி அடித்தபோது லிஃப்ட்காரர் நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில், லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் குந்தியிருந்தார். சட்டைப் பையிலிருந்த கைப்பேசி மூன்று முறை அடித்து ஓய்ந்தது. வேறு யாராவது என்றால் 'அட, போ' என்று வேலையைப் பார்த்திருப்பார்கள். இவர் நிறுத்தும் பொத்தானை அழுத்தினார், கையிலிருந்த கிரீஸைக் கந்தல் துணியில் துடைத்தார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

எங்கே இருக்கிறீர்கள்? வேலையிடம். என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்? இதற்குத் தயாராகக் கட்டம் கிடையாது, எழுத வேண்டும். ஒற்றை விரலால் 'லிஃப்ட் ஓடும் ரெயிலுக்கு எண்ணெய் போடுகிறேன்' என்று எழுதினார். யாருடன் இருக்கிறீர்கள்? இதற்குக் கட்டங்கள் உண்டு: தனியாக, குடும்பத்தினருடன், நண்பர்களுடன், உடன் வேலை செய்பவர்களுடன், வாடிக்கையாளர்களுடன். இருட்டுக் குழாய்க்குள் வேறு யார் இருப்பார்கள்? தனியாக. மனம் எப்படி இருக்கிறது, ஒன்றிலிருந்து ஏழுக்குள்? கொஞ்ச நேரம் தன்னையே விசாரித்துப் பார்த்துவிட்டு ஐந்தை அழுத்தினார்.

இது பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் நடக்கும் ஓர் ஆராய்ச்சி. ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து 'போன மாதம் எப்படி இருந்தீர்கள்' என்று கேட்டால் எல்லோரும் கதை அளக்கிறார்கள். மாதம் முழுக்க நன்றாக இருந்த ஆசாமி, அன்று காலையில் செருப்பு அறுந்துபோன கோபத்தில் 'என்ன வாழ்க்கை இது' என்பார். ஆகவே ஞாபகத்தை நம்பாமல், நடக்கிறபோதே கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று ஏற்பாடு. காலை எட்டுக்கும் இரவு ஒன்பதுக்கும் இடையில் ஏழு தடவை கைப்பேசி அடிக்கும். எப்போது என்று யாருக்கும் தெரியாது. கால் மணி நேரத்துக்குள் பதில் சொல்லவில்லை என்றால் கேள்வி மறைந்துவிடும். இப்படி இருபத்தொரு நாள்.

இதில் நம் லிஃப்ட்காரர் எப்படி மாட்டினார் என்றால், உண்மையில் மாட்டியது அவர் இல்லை. அந்தத் துறையின் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோய், உள்ளே ஆராய்ச்சிக்காரப் பெண் நாற்பது நிமிடம் சிக்கிக்கொண்டாள். உள்ளே அகப்பட்டவர்களிடம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பேச்சுக் கொடுக்க வேண்டும் என்பது இவர்கள் தொழிலின் விதி. இவரும் விதிப்படி கதவுக்கு வெளியே நின்று, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, 'இப்போ எப்படி இருக்கு?' என்று கேட்டுக்கொண்டே வேலை பார்த்தார். வெளியே வந்ததும் அந்தப் பெண் முதலில் தண்ணீர் குடித்தாள், அப்புறம் சிரித்தாள். "சார், நாங்க செய்யற ஆராய்ச்சியே இதுதான். நீங்க எங்களுக்கு வேணும்" என்றாள். மறுத்துப் பேச வேண்டுமானால் நாலு வார்த்தை பேச வேண்டும். அதற்குச் சோம்பிக்கொண்டு அவர் தலையை ஆட்டிவிட்டார்.

அவர் சுபாவம் அப்படி. கம்பெனியில் அவருக்கு 'ஓவர்லோடு' என்று பெயர். இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் இவர் மூன்றாவதாக நிற்பார். நான்காவது ஆள் வந்தால் கூட்டம் தாங்காமல் சத்தமில்லாமல் நழுவிவிடுவார். முப்பத்தாறு வருடம் லிஃப்ட் வேலை. வேலையில் சுத்தம். மெஷின் ரூம் சுவரில் ஒரு பராமரிப்பு அட்டை தொங்கும். ஒவ்வொரு தடவை வந்து பார்த்ததற்கும் தேதி, நேரம், கையெழுத்து. மற்றவர்கள் மாதக் கடைசியில் நாலு வித மை பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் நாலு வாரத்துக்கும் போட்டுவிடுவார்கள். இவர் அப்படி ஒரு கையெழுத்துகூடப் போட்டதில்லை. ஒரு தடவை மேற்பார்வையாளரே வந்து பழைய தேதியில் ஒன்று போடச் சொன்னபோது, "அன்னைக்கு நான் வரல" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார். இந்த மனுஷர் கையில் ஆராய்ச்சிக் கைப்பேசியைக் கொடுத்தால் கேட்க வேண்டுமா? நூற்று நாற்பத்தேழு மணிகளில் நூற்று நாற்பத்தொன்றுக்குப் பதில் சொல்லி, மொத்த ஆராய்ச்சியிலும் முதல் ஆளாக வந்தார்.

அவர் மனைவியை அந்த வட்டாரத்தில் எல்லோரும் நர்ஸம்மா என்பார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டு வருடம் வார்டு பார்த்துவிட்டு, இரண்டு மாதத்துக்கு முன்புதான் ஓய்வு பெற்றிருந்தார். இவர்கள் கல்யாணத்துக்கும் லிஃப்ட்தான் காரணம். காலி ஸ்ட்ரெச்சரோடு ஆஸ்பத்திரி லிஃப்டில் மாட்டிக்கொண்ட இளம் நர்ஸிடம் இவர் விதிப்படி 'இப்போ எப்படி இருக்கு?' என்று கேட்டுக்கொண்டே இருக்க, ஆறாவது தடவை உள்ளேயிருந்து, "நீங்க கேட்கறதை நிறுத்தினா நல்லா இருக்கும்" என்று பதில் வந்தது. அந்தக் குரலுக்காக அடுத்த மூன்று மாதம் அந்த ஆஸ்பத்திரி லிஃப்டுக்குத் தேவைக்கு மேல் எண்ணெய் கிடைத்தது.

கல்யாணத்துக்குப் பிறகு பேச்சு குறைந்துபோனதற்குச் சண்டை எதுவும் காரணமில்லை. அவர் பகலில் வேலைக்குப் போவார், நர்ஸம்மாவுக்கு மாறி மாறி ஷிஃப்ட். மாடிப்படியில் ஒருவர் ஏற ஒருவர் இறங்கினார்கள். மகள் பிறந்து, வளர்ந்து, படித்து, கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனது வரை, வீட்டுப் பேச்சின் பெரும்பகுதி மேஜைமேல் வைத்த துண்டுக் காகிதங்களில்தான் நடந்தது. 'பால் இருக்கு.' 'சாவி அலமாரி மேலே.' 'குழந்தைக்கு மருந்து கொடுத்தாச்சு.' ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகு காகிதத்துக்கும் அவசியமில்லாமல் போயிற்று.

மாலை ஆறு மணிக்கு லிஃப்ட்காரர் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவது. பனியனோடு ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, யாராவது கொடுத்த பழைய இஸ்திரிப் பெட்டியையோ மின்விசிறியையோ பிரித்துப் போட்டுக்கொள்வார். எதிரில் அதேமாதிரி இன்னொரு பிரம்பு நாற்காலி, அதில் நர்ஸம்மா, கையில் துப்பறியும் நாவல். நடுவில் ஒரு முக்காலி, அதன்மேல் இரண்டு தேநீர்க் கோப்பை. ஜன்னலுக்குக் கீழே பேருந்துகள் திரும்பும் சத்தம். புத்தகம் முடிகிற அன்று மட்டும் நர்ஸம்மா, "டாக்டர்தான் கொலைகாரன்" என்று அறிவிப்பார். அவர், "ம்" என்பார். இதுதான் அவர்கள் மாலை.

இந்த நேரத்தில்தான் மணி அடிக்கும். எங்கே? வீட்டில். என்ன செய்கிறீர்கள்? இஸ்திரிப் பெட்டி. யாருடன்?

இங்கேதான் மனுஷர் சறுக்கினார். அவர் அகராதியில் ஒருவரோடு இருப்பது என்றால் ஒரு வேலை. வாடிக்கையாளர் வந்தால் எழுந்து நிற்க வேண்டும், மைத்துனர் குடும்பத்தோடு வந்தால் சட்டையைப் போட்டுக்கொண்டு நலம் விசாரிக்க வேண்டும். சட்டை போட்டு உட்கார வேண்டியிருந்தால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். பனியனோடு இருக்கலாம் என்றால் தனி. இதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை. கை நீட்டினால் எட்டும் தூரத்தில் நர்ஸம்மா பக்கம் புரட்டிக்கொண்டிருக்க, இவர் 'தனியாக' என்று அழுத்தினார். மனம் எப்படி இருக்கிறது? ஆறு. மறுநாளும் தனியாக, ஆறு. அதற்கு மறுநாளும்.

இரண்டாவது வாரம் மகளிடமிருந்து அழைப்பு வந்தது. பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல். நர்ஸம்மா வியாழக்கிழமை மத்தியானம் கிளம்பிப் போய், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் திரும்பி வந்தார். காய்ச்சல் போய்விட்டது, வேறொரு பேச்சு கூடவே வந்துவிட்டது. மகளுக்கு வேலையில் இனிமேல் மாறி மாறி ஷிஃப்ட். பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வரை, இரண்டு வருடம், அம்மா வந்து கூட இருக்க முடியுமா என்று கேட்டிருக்கிறாள்.

"என்ன சொல்றீங்க?" என்று நர்ஸம்மா கேட்டார்.

லிஃப்ட்காரர் கையிலிருந்த ஸ்க்ரூவைப் பார்த்தார். "உன் இஷ்டம்" என்றார்.

இந்த 'உன் இஷ்ட'த்தை நர்ஸம்மா முப்பது வருடமாகக் கேட்டிருக்கிறார். புடவை நிறம், மகள் படிப்பு, வீடு மாற்றுவது, எல்லாவற்றுக்கும் இதே பதில். மற்ற சமயங்களில் அது வசதியாகவே இருந்தது. இந்தத் தடவை அவருக்கு ஒரு வார்த்தை தேவைப்பட்டது. போ என்றாலும் சரி, போகாதே என்றாலும் சரி. பேரனோடு இருக்க ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு மனுஷன் தன்னை வேண்டும் என்று சொல்லி, அதை மீறிப் போவது வேறு, சொல்லாமலே விட்டுப் போவது வேறு. "மாசக் கடைசிக்குள்ள சொல்றேன்" என்று மகளிடம் தவணை வாங்கிக்கொண்டு, அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தார். லிஃப்ட்காரர் இஸ்திரிப் பெட்டியை முடித்துவிட்டு மின்விசிறியை எடுத்தார்.

ஆராய்ச்சி முடிந்து பத்து நாள் கழித்துத் தபாலில் ஓர் உறை வந்தது. பங்கெடுத்தவர்கள் எல்லோருக்கும் அவரவர் முடிவுகளை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பியிருந்தார்கள். அந்த வீட்டில் தபாலைப் பிரிப்பது நர்ஸம்மாவின் இலாகா. பிரித்தார், படித்தார், உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார்.

லிஃப்ட்காரர் அன்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பியபோது, முக்காலியில் தேநீர் இல்லை. காகிதம்தான் இருந்தது.

"நூத்தி நாப்பத்தோரு தடவை பதில் போட்டிருக்கீங்க" என்றார் நர்ஸம்மா. குரலில் கோபம் இல்லை; வார்டில் டாக்டருக்கு விவரம் சொல்கிற குரல். "அதுல நூத்திப் பதினெட்டு தடவை தனியா இருந்தீங்களாம். குடும்பத்தோட மூணே தடவை. அந்த மூணும் எங்க அண்ணன் வீட்டுல இருந்து சாப்பிட வந்தாங்களே, அந்த ஞாயித்துக்கிழமை."

"அது வந்து..."

"இருங்க, முடிக்கல. குடும்பத்தோட இருந்தப்போ உங்க மனசுக்கு மூணு மார்க். வீட்டுல தனியா இருந்தப்போ அஞ்சு புள்ளி நாலு. கீழே எழுதியிருக்காங்க பாருங்க. 'நீங்கள் மாலை வேளைகளில் வீட்டில் தனியாக இருக்கும்போது மிகவும் நிம்மதியாக இருக்கிறீர்கள்.'" கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ தினமும் சாயங்காலம் எதிர்ல உட்கார்ந்திருந்தது யாருங்க?"

லிஃப்ட்காரர் திருதிருவென்று விழித்தார். வாய் வரைக்கும் வந்ததை மென்று விழுங்கினார். எதையாவது சொல்லியிருக்கலாம், சொன்னால் தப்பாகப் போய்விடும் என்று பயந்து, பயந்துகொண்டே இருந்ததில் நேரம் கடந்துவிட்டது. நர்ஸம்மா எழுந்து உள்ளே போய் மகளைக் கூப்பிட்டு, "வர்றேன்மா. ரெண்டு வருஷம்னாலும் இருக்கேன். திங்கட்கிழமை கிளம்பறேன்" என்று சொன்னது கதவு வழியாக அவருக்குத் தெளிவாகக் கேட்டது. அடுத்து மகள் என்னவோ கேட்டிருக்க வேண்டும். "அப்பாவா? அவருக்கென்ன, நிம்மதியா இருப்பாரு. எழுத்துலயே கொடுத்திருக்காங்க" என்றார் நர்ஸம்மா.

அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கல்லுளிமங்கன் மாதிரி இருந்தாலும் வயிறு வயிறுதானே. இத்தனை வருடத்தில் அவர் ஒரு தப்பான பதிவு போட்டதில்லை. போட்ட முதல் தப்பு, தன் வீட்டைப் பற்றியதாக இருந்துவிட்டது.

சனிக்கிழமை காலை அவர் உளவியல் துறைக்குப் போனார். கையில் பை இல்லாமல், எந்த லிஃப்டும் கெட்டுப்போகாமல் அவர் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. ஆராய்ச்சிக்காரப் பெண் தன் அறையில் காகிதக் கட்டுகளுக்கு நடுவில் ஒரு நாற்காலியைக் காலி செய்துகொடுத்தாள்.

"ஒரு திருத்தம் இருக்கும்மா" என்றார் அவர். "யாருடன்னு கேட்டீங்களே. வீட்டுல இருந்தப்போ தனியான்னு போட்டது தப்பு. எங்க வீட்டம்மா இருந்தாங்க."

அவள் புருவத்தை உயர்த்தினாள். "எந்தெந்த நேரம் சார்?"

"எல்லா நேரமும்."

"எல்லா நேரமுமா? சார், நான் உங்களைத் தனியா இருக்கறவர்னு இல்ல நெனச்சேன்."

"கல்யாணமானவர்னு படிவத்துல எழுதியிருந்தேனே."

"எழுதியிருந்தீங்க. ஆனா சில பேர் பிரிஞ்சு இருப்பாங்க. நாங்க கேட்கறதில்ல." சொல்லிவிட்டு அவளுக்கே சங்கடமாகிவிட்டது. "அவங்க எவ்வளவு தூரத்துல இருந்தாங்க?"

"கை நீட்டினா எட்டும்."

"பேசிக்கிட்டிருந்தீங்களா?"

"இல்ல. அவ பாட்டுக்கு அவ, நான் பாட்டுக்கு நான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் பனியன்லதான் இருந்தேன்" என்று சேர்த்துக்கொண்டார், அதிலேயே எல்லாம் விளங்கிவிடும் என்பதுபோல.

அவளுக்கு விளங்கவில்லை. பேனாவை எடுத்து, 'ஒருவர் பக்கத்தில் இருக்கிறார், ஆனால் பேசிக்கொள்ளவில்லை' என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கோடு போட்டாள். அடுத்த தடவை இப்படி ஒரு கட்டம் வைக்க வேண்டும் என்றாள். அதெல்லாம் சரி, என் காகிதத்தை மாற்றிக் கொடு என்று அவர் காத்திருந்தார்.

"மாத்த முடியாது சார்" என்றாள் அவள், கொஞ்சம் வருத்தத்தோடு. "அந்த நிமிஷத்துல உங்களுக்கு எது தோணுச்சோ அதுதான் பதிவு. இன்னைக்கு வந்து மாத்தினா, அது இன்னைக்குத் தோணுறது. அன்னைக்கு உள்ளதா ஆகாது."

 'அன்னைக்கு நான் வரல' என்று மேற்பார்வையாளர் முகத்துக்கு நேரே சொன்ன மனுஷர் இவர். அவருடைய சட்டத்தையே எடுத்து அவர்முன் வைத்துவிட்டாள், அவளுக்கு அது தெரியாது. அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்தார். கதவருகே போனவர் நின்று, "மாத்த வேணாம். நான் போட்டது அத்தனையும் அப்படியே ஒண்ணு கிடைக்குமா? தேதி, நேரத்தோட" என்று கேட்டார். எதற்கு என்று அவருக்கே தெளிவில்லை. சராசரியைவிட அட்டை நம்பகமானது என்று தொழில் பழக்கம் சொல்லியது, அவ்வளவுதான். அவள் ஐந்து பக்கம் அச்செடுத்து, கடைசியில் இருபத்தொரு நாளுக்கும் ஏற்ற இறக்கமாக ஒரு கோட்டுப் படமும் சேர்த்துக் கொடுத்தாள்.

மாலையில் வீட்டுக்கு வந்தபோது கட்டில்மேல் பெட்டி திறந்து கிடந்தது. நர்ஸம்மா புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர் சட்டையைக் கழற்ற ஆணிப்பக்கம் போனார். பித்தானில் கை வைத்தவர், அப்படியே நின்றார். பிறகு, கழற்றியிருந்த மேல் பித்தானையும் போட்டுக்கொண்டு, முழுக்கைச் சட்டையோடு பிரம்பு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நர்ஸம்மா எட்டிப் பார்த்தார். "எங்க கிளம்பிட்டீங்க?"

"எங்கயும் இல்ல. உன்கூடப் பேசணும்."

இதைக் கேட்டு நர்ஸம்மாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. கையிலிருந்த புடவையைப் பெட்டிமேல் போட்டுவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "லிஃப்ட்ல ஏறுறவங்களுக்குப் பெட்டி மட்டும்தான் தெரியும். அதுக்கு எதிர்ப்பக்கம் ஒரு எடை தொங்கும். அது இல்லேன்னா மோட்டாரால பெட்டியை இழுக்க முடியாது. ஆனா அது யார் கண்ணுக்கும்..."

"என்னை இரும்புக் கட்டைங்கறீங்களா?"

"இல்ல இல்ல..."

"உதாரணமெல்லாம் வேணாம். லிஃப்ட்ல மாட்டுறவங்ககிட்ட அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை எப்படி இருக்குன்னு கேட்கத் தெரியுது. என்கிட்ட நேராப் பேசத் தெரியாதா?"

நேராகப் பேசத் தெரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதங்களை எடுத்து முக்காலியில் வைத்தார். "நான் போட்டது இதுதான். தப்புத் தப்பாத்தான் போட்டிருக்கேன். மாத்த முடியாதுன்னுட்டாங்க. நீயே பாரு."

நர்ஸம்மா எண்களை ஒதுக்கிவிட்டுக் கடைசிப் பக்கத்தை எடுத்தார். கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் காய்ச்சல் அட்டையை முப்பத்திரண்டு வருடம் பார்த்த கண். நோயாளி வாயால் 'நல்லா இருக்கேன்' என்பார், அட்டை வேறு சொல்லும். கோட்டை விரலால் தொடர்ந்துகொண்டே போனார். ஆறு, ஆறு, ஐந்து, ஆறு. அண்ணன் வீட்டார் வந்த ஞாயிற்றுக்கிழமை தவிர, சமதரை மாதிரி ஓடியது. நடுவில் ஓர் இடத்தில் விரல் சட்டென்று கீழே இறங்கியது.

"இங்க என்ன ஆச்சு?"

"எங்க?"

"வியாழக்கிழமை காலையில ஆறு இருக்கு. சாயங்காலம் ரெண்டு. வெள்ளிக்கிழமை ரெண்டு, மூணு, ரெண்டு. சனிக்கிழமை ரெண்டு, ரெண்டு. ஞாயித்துக்கிழமை ஒம்பது மணிக்கும் ரெண்டு. பத்தரைக்கு ஆறு." நர்ஸம்மாவின் விரல் பத்தரையிலேயே நின்றது. "உடம்பு சரியில்லையா அப்போ?"

அவர் எட்டிப் பார்த்தார். சத்தியமாக அவருக்கும் அப்போதுதான் தெரியும். அந்தந்த மணிக்கு அந்தந்த எண்ணைப் போட்டாரே தவிர, திரும்பிப் பார்த்தவரில்லை. "உடம்பெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். பிறகு மெதுவாக, "நீ அன்னைக்குப் பத்து மணிக்குத்தானே வந்தே?" என்றார்.

நர்ஸம்மா மற்ற காகிதங்களை இழுத்து வெள்ளிக்கிழமையைத் தேடினார். 'என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்' என்ற பத்தியில் ஒற்றை விரலால் எழுதிய வரிகள். காலை: 'பல் தேய்க்கிறேன்.' மத்தியானம்: 'கதவு சென்சார் மாற்றுகிறேன்.' மாலை ஆறு நாற்பது: 'நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டேன்.' இடம்: வீடு. யாருடன்: தனியாக. மனம்: இரண்டு.

"எந்த நாற்காலி?"

"இதுதான். நீ உட்கார்ந்திருக்கியே."

"ஏன் திருப்பிப் போட்டீங்க?"

லிஃப்ட்காரர் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார். "ஆள் இல்லாம என்னையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு" என்றார்.

கீழே ஒரு பேருந்து திரும்பிப் போனது. நர்ஸம்மா காகிதத்தைப் பார்த்தபடியே இருந்தார். கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க அவர் ஒன்றும் செய்யவில்லை. அந்த 'தனியாக' எதிலும் தான் இல்லை என்று நினைத்திருந்தார். இருந்திருக்கிறார். வீட்டில் போட்ட 'தனியாக'வில், அந்தச் சில நாட்களைத் தவிர எல்லாவற்றிலும் இருந்திருக்கிறார். மனுஷருக்கு அதை எண்ணத் தெரியவில்லை என்பதுதான் விஷயம்.

"என் இஷ்டத்தைக் கேட்டேன்னா, நீ போகக் கூடாது" என்றார் லிஃப்ட்காரர். முகம் சிவந்துவிட்டது, நெற்றியில் வேர்வை. "ஆனா பிள்ளையைப் பார்த்துக்க ஆள் வேணும். அவளும் நம்ம பொண்ணுதானே. அதனால போயிட்டு வா. ரெண்டு வருஷமெல்லாம் வேணாம். என்னால ஆகாது." இவ்வளவு நீளமாக அவர் வீட்டில் பேசியதே இல்லை. பேசி முடித்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கப்பட்ட ஒன்றைக் கேட்டார். "உனக்கு இப்போ எப்படி இருக்கு?"

"நீங்க கேட்கறதை நிறுத்தினா நல்லா இருக்கும்" என்றார் நர்ஸம்மா. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னதால் பழைய மிடுக்கு அதில் இல்லை. லிஃப்ட்காரருக்கு அது போதுமானதாக இருந்தது.

நர்ஸம்மா கைப்பேசியை எடுத்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே மகளைக் கூப்பிட்டார். "நான்தாம்மா. திங்கட்கிழமை வர்றேன், அதுல மாத்தமில்ல. ஆனா மூணு மாசம்தான். அதுக்குள்ள பிள்ளையைப் பார்த்துக்க நல்ல ஆளாத் தேடு, நானே பக்கத்துல இருந்து பழக்கிக் கொடுத்துட்டு வர்றேன். நடுவுல மாசம் ஒரு தடவை இங்க வந்துட்டுப் போவேன்." எதிர்ப்பக்கம் ஏதோ பதற்றமாகக் கேட்டது. "ஒண்ணுமில்ல, உங்கப்பாவுக்குத்தான். இல்லடி, காய்ச்சல் இல்ல. சார்ட்டைப் பார்த்தேன், நான் இல்லேன்னா இறங்கிடுது. ஆமா, அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு, நமக்குத்தான் பார்க்கத் தெரியணும். இல்ல இல்ல, இன்னைக்குச் சொன்னாரு. வாயாலயே சொன்னாரு."

கைப்பேசியை முக்காலியில் வைத்துவிட்டு எதிரே பார்த்தார். லிஃப்ட்காரர் இன்னும் அதே நிலையில்தான் இருந்தார். கழுத்து வரை பித்தான், முழுக்கைச் சட்டை, முழங்கால்மேல் இரண்டு கை, பெண் பார்க்க வந்தவர் மாதிரி. காலர் முழுக்க வேர்வையில் நனைந்திருந்தது.

"பேசி முடிச்சாச்சா?" என்றார் நர்ஸம்மா.

"ம்."

"அப்போ சட்டையைக் கழட்டிட்டு வந்து உட்காருங்க. யாரோ வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு."

அவர் எழுந்து போய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். திரும்பி வந்தபோது நர்ஸம்மா தேநீர் வைக்க உள்ளே போயிருந்தார். மின்விசிறியின் மூடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவர் எதிர் நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.